நீர்க்கடுப்பெல்லாம் சூடு இல்லை
வாசகர் கேள்வி – பதில்

பங்குனி பிறந்துவிட்டால் கடம்பூர், கயத்தாறு, கோவில்பட்டிப் பக்கத்துக் கடிதங்களில் ஒரே கேள்விதான் முந்திக்கொண்டு வரும்: ‘ஒண்ணுக்கு எரியுது, என்ன செய்ய?’ பெரும்பாலான கடிதங்களில் பெயர் இருக்காது. பெயர் வேண்டியதும் இல்லை. மனசுக்குள் வைத்துப் புழுங்காமல் எழுதியிருக்கிறார்கள். பதிலும் மூடி மறைக்காமல் வருகிறது.

வெயில் காலம் வந்தாலே எனக்கு நீர்க்கடுப்பு. ‘உடம்புச் சூடுதான், வெந்தயம் ஊறவைத்துக் குடி’ என்கிறார் மாமியார். சரிதானா?
— குடும்பத் தலைவி, கடம்பூர்

பாதி சரி. வெயிலில் வேர்த்துக் கொட்டி, தண்ணீர் குடிக்காமல் இருந்தால் சிறுநீர் அடர்ந்து மஞ்சளாகும், எரியும். நன்றாகத் தண்ணீரோ மோரோ இளநீரோ குடித்தால் அன்றைக்குள் நிறம் வெளுத்து எரிச்சலும் அடங்கிவிடும். வெந்தயத்தால் கெடுதல் ஒன்றுமில்லை.

மற்ற பாதியைக் கேளுங்கள். இப்போதுதான் போய்விட்டு வந்தோம், மறுபடி முட்டுகிறது. போனால் நாலு சொட்டு. அடிவயிறு வலிக்கிறது. சிறுநீர் கலங்கலாக இருக்கிறது, நாற்றம் அடிக்கிறது, அல்லது லேசாக ரத்தம் தெரிகிறது. இதெல்லாம் கிருமித் தொற்று. வெந்தயம் கேட்காது, ஒன்றிரண்டு நாளுக்குள் டாக்டரைப் பாருங்கள். இதோடு குளிர்க்காய்ச்சல், விலாவுக்குப் பின்னால் வலி, வாந்தி சேர்ந்தால் தொற்று சிறுநீரகம் வரை ஏறிவிட்டது என்று பொருள். அப்போது அன்றைக்கே போக வேண்டும், ராத்திரியாக இருந்தாலும் போக வேண்டும். கர்ப்பிணி, சர்க்கரை நோயாளி, குழந்தை, ஆண் இந்த நால்வரும் வெந்தயத்தை நம்பி ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம்.

எனக்கு வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை வருகிறது. வீட்டுக்காரருக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை. சுத்தமாகத்தானே இருக்கிறேன்?
— கழுகுமலை

உங்கள் சுத்தத்தில் குறையில்லை, உடம்பின் அமைப்பு அப்படி. சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே வரும் குழாய் பெண்ணுக்குச் சுமார் 4 சென்டிமீட்டர்தான். ஆணுக்கு 18 முதல் 20 சென்டிமீட்டர். மலக்குடலில் வாழும் ஈ. கோலை கிருமிக்கு உங்கள் பாதை குட்டையானது, பக்கத்திலும் இருக்கிறது. கால் கழுவும்போது முன்னாலிருந்து பின்னால் கழுவுங்கள். தாம்பத்தியத்துக்குப் பிறகு சிறுநீர் கழித்துவிடுங்கள். சோப்பு, டெட்டால் எதையும் உள்ளே விட்டுக் கழுவாதீர்கள். அவை காப்பாற்றும் கிருமிகளையும் சேர்த்துக் கொல்லும். மாதவிடாய் நின்றபின் அந்த இடம் உலர்ந்துபோவதாலும் எரியும், அதற்குத் தனி மருந்து உண்டு. ‘வயசாச்சுன்னா அப்படித்தான்’ என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு சும்மா இருக்காதீர்கள்.

தீப்பெட்டி ஆபீஸில் வேலை. கக்கூஸ் இருக்கிறது, உள்ளே கால் வைக்க முடியாது. அதனால் காலையில் ஒரு டீயோடு சரி, சாயங்காலம் வீடு திரும்பும்வரை தண்ணீர் குடிக்க மாட்டேன். மாதாமாதம் கடுப்பு வருகிறது.
— கோவில்பட்டி

தாயி, உங்கள் கேள்வியிலேயே காரணம் இருக்கிறது. தண்ணீர் குடிக்காவிட்டால் சிறுநீர் கொஞ்சமாக ஊறும். ஊறியதையும் அடக்கி வைத்தால் உள்ளே வந்த கிருமி வெளியேற வழியில்லாமல் அங்கேயே பெருகும். 2018-ல் வெளிவந்த ஓர் ஆய்வு இது: அடிக்கடி தொற்று வருகிற, தண்ணீர் குறைவாகக் குடிக்கிற 140 பெண்களில் பாதிப் பேரை வழக்கத்தைவிடத் தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடிக்கச் சொன்னார்கள். ஒரு வருடத்தில் அவர்களுக்குச் சராசரியாக 1.7 தடவை வந்தது, மற்ற பாதிப் பேருக்கு 3.2 தடவை. மாத்திரை எதுவும் கொடுக்கவில்லை, வெறும் தண்ணீர்தான்.

ஆனால் ‘தண்ணி குடி’ என்று உங்களிடம் சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை. குடித்தால் போக இடம் வேண்டுமே! பெட்டி எண்ணிக்கைக்குக் கூலி வாங்குகிறவர் எழுந்து போனால் கூலியும் குறையும். சென்னை போரூர் ஸ்ரீராமச்சந்திரா பல்கலைக்கழகத்தில் வித்யா வேணுகோபால் தலைமையிலான குழு, வெக்கையில் வேலை செய்யும் பெண்களைப் பற்றி 2016-ல் எழுதியது. கழிப்பறை இல்லாததால் தண்ணீரைக் குறைத்துக்கொள்வதும், அதனால் சிறுநீர்த் தொந்தரவுகள் வருவதும் அதில் பதிவாகியிருக்கின்றன. உங்கள் கதை உங்களோடு முடிந்துவிடுகிற கதை இல்லை, தாயி.

குடிதண்ணீரும், பெண்களுக்குத் தனியாகச் சுத்தமான கழிப்பறையும் 1948-ம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே 18, 19-ம் பிரிவுகளில் எழுதப்பட்ட உரிமைகள். பின்னால் வந்த சட்டமும் அவற்றை விட்டுவிடவில்லை. தனியாகக் கேட்கப் பயமாக இருந்தால் நாலைந்து பேராகச் சேர்ந்து கேளுங்கள். அதுவரைக்கும் எழுந்ததும் இரண்டு டம்ளர், வேலைக்குக் கிளம்பும் முன் ஒன்று, சாப்பாட்டு வேளையில் ஒன்று, வீடு வந்ததும் வயிறு நிறைய. சாப்பாட்டு இடைவேளையில் எப்படியாவது ஒருமுறை போய்விட்டு வாருங்கள். மாதாமாதம் வருவதால் சிறுநீர்க் கல்ச்சர் பரிசோதனையும் சர்க்கரைப் பரிசோதனையும் கட்டாயம்.

ஆபீஸ் நடத்துகிற முதலாளி யாராவது இதை வாசித்தால்: ஒரு கழிப்பறையைச் சுத்தமாக வைத்திருக்க ஆகும் செலவு உங்களுக்குத் தெரியும். அதை மிச்சம் பிடிப்பது இந்தப் பெண்களின் சிறுநீரகத்திலிருந்து.

போன தடவை மெடிக்கலில் வாங்கிய அதே மாத்திரையை மூன்று நாள் போட்டேன். எரிச்சல் நின்றது, நிறுத்திவிட்டேன். திரும்ப வந்துவிட்டது. இன்னும் வீரியமான மாத்திரை எது?
— எட்டயபுரம்

பெயர் சொல்ல மாட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். சிப்ரோஃப்ளாக்சசின் வகை மாத்திரைகளைத் தலைவலி மாத்திரைபோலக் கேட்டு வாங்கிக் கேட்டு வாங்கித்தான் நம் ஊர்க் கிருமிகள் பலவற்றுக்கு அவை உறைக்காமல் போயின. முதலில் சிறுநீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள், பிறகு மாத்திரை. மாத்திரையைப் போட்டுவிட்டுக் கொடுத்தால் கல்ச்சரில் கிருமி வளராது, டாக்டர் இருட்டில் தேட வேண்டியதுதான்.

எரிச்சலைத் தணிக்கக் கொடுக்கும் சிட்ரேட் சிரப் கிருமியைக் கொல்லாது. டாக்டர் எழுதியது நைட்ரோஃப்யூரன்டாயின் என்றால், அவரைக் கேட்காமல் அந்தச் சிரப்பைக் கூடச் சேர்க்காதீர்கள். சிறுநீரின் அமிலத்தன்மை குறைந்தால் அந்த மருந்தின் வேகமும் குறையும்.

சிறுநீர்ப் பரிசோதனைக்குப் பழைய டானிக் பாட்டிலில் பிடித்துப் போகலாமா?
— பசுவந்தனை

கூடாது. லேபில் கொடுக்கும் டப்பாவில்தான் பிடிக்க வேண்டும். கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடியுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் லேபில் கொடுத்துவிடுங்கள். பசுவந்தனையில் பிடித்துப் பஸ்ஸுக்குக் காத்திருந்து கோவில்பட்டியில் கொடுத்தால் வழியிலேயே கிருமி பெருகிவிடும். லேபுக்குப் போய்ப் பிடிப்பதே மேல்.

லாரி ஓட்டுகிறேன். வடக்கே லோடு இறக்கிவிட்டு வந்த நாலைந்து நாளில் ஆணுறுப்பில் சீழ் மாதிரி ஒழுகுகிறது. ஒண்ணுக்குப் போனால் உயிர் போகிறது. ‘மேகவெட்டை, நாட்டு மருந்து இருக்கு’ என்கிறார் கிளீனர். வீட்டில் எப்படிச் சொல்வேன்?
— கயத்தாறு

அண்ணாச்சி, வீட்டில் சொல்வதை அப்புறம் பார்ப்போம். நாளைக் காலையில் ஆஸ்பத்திரி.

சிறுநீர்க் குழாயில் சீழ் வருவது கிட்டத்தட்ட எப்போதும் பாலுறவால் தொற்றும் நோய். கெட்டியாக, மஞ்சளாக, இரண்டு முதல் ஏழு நாளுக்குள் வந்தால் கொனோரியாவாக இருக்கலாம். அதன் கிருமியை ஆல்பர்ட் நைசர் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1879-லேயே கண்டுபிடித்துவிட்டார். நீர்த்தாற்போல, ஒன்று முதல் மூன்று வாரத்தில் வந்தால் கிளமிடியாவாக இருக்கலாம். இரண்டும் சேர்ந்தே வருவது உண்டு என்பதால் இரண்டுக்கும் சேர்த்தே மருந்து கொடுப்பார்கள்.

தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் இதற்கென்றே சுகவாழ்வு மையம் இருக்கிறது. அங்கே மருந்துகளை நிறம் பிரித்துப் பொட்டலமாக வைத்திருப்பார்கள். உங்கள் தொந்தரவுக்கு உரியது சாம்பல் நிறப் பொட்டலம், காசு கிடையாது. போவதற்கு முன் ஒன்றிரண்டு மணி நேரம் சிறுநீர் கழிக்காமல் இருங்கள், சீழைத் துடைத்தெடுத்துப் பார்க்க வசதியாக இருக்கும். அப்படியே நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி., மேகப்புண் இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை. எச்.ஐ.வி. பரிசோதனையை மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை செய்ய வேண்டும், உடனே எடுத்தால் தெரியாமல் போகலாம். முடிவை உங்கள் சம்மதமில்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்று 2017-ம் வருடச் சட்டம் இருக்கிறது. 1986-ல் நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றைச் சென்னையில் சுனிதி சாலமன் குழு கண்டறிந்தது. நாட்டிலேயே முதன்முதலாக மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைத்ததும் நம் மாநிலம்தான், 1994-ல். ஆகவே உங்களைப் போன்றவர்களை நிறையப் பார்த்துப் பழகிய இடங்கள்தான் இந்த மையங்கள். வாய்விட்டுக் கேட்க வெட்கமாக இருந்தால் முதலில் 1097-க்கு போன் போடுங்கள், இலவசம்.

நாட்டு மருந்தில் ஒழுகல் நின்றதுபோலத் தெரியலாம். சில வாரத்தில் தானாகவே குறைகிற குணமும் அந்த நோய்க்கு உண்டு, ஆனால் கிருமி உள்ளே இருக்கும். விரையில் வீக்கம், குழந்தைப்பேறு இல்லாமை, குழாய் சுருங்கிப்போதல் எல்லாம் அதிலிருந்து வருபவை.

இப்போது வீட்டுக்கு வருவோம். ஊர் திரும்பியபின் மனைவியோடு சேர்ந்திருந்தால் அவருக்கும் அதே நாளில் மருந்து போக வேண்டும். இருவரும் மருந்து முடித்து ஏழு நாள் வரை விலகி இருங்கள். சொல்வது கஷ்டம்தான். சொல்லாமல் இருந்தால் கஷ்டப்படப்போவது அவருடைய கர்ப்பப்பை. தனியாகச் சொல்ல முடியாது என்றால் அந்த மையத்து ஆலோசகர் முன்னிலையில் சொல்லுங்கள். அதற்குத்தான் அவரை அங்கே உட்கார வைத்திருக்கிறார்கள்.

கணவருக்கு ஏதோ தொற்று என்று எனக்கும் மாத்திரை கொடுத்தார்கள். எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. எதற்குப் போட வேண்டும்?
— பெயரும் ஊரும் வேண்டாம்

போடுங்கள் அம்மா. இந்த நோய்கள் பெண்ணுக்குப் பெரும்பாலும் அறிகுறியே காட்டாமல் உள்ளே இருந்து கருக்குழாயை அடைக்கும். கர்ப்பமாக இருந்தாலோ, நாள் தள்ளியிருந்தாலோ டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள், அதற்கேற்ற மருந்தாகத் தருவார். கணவர் மேல் உங்களுக்கு இருக்கும் கோபம் நியாயமானது. அதை மாத்திரையின் மேல் காட்டாதீர்கள்.

பாலிடெக்னிக் மாணவன். சிறுநீரில் சில சமயம் வெள்ளையாகக் கலங்கி வருகிறது. தாது போகிறது, மாதம் இத்தனை ஆயிரம் கட்டினால் சரியாகும் என்கிறார் லாட்ஜுக்கு வருகிற வைத்தியர்.
— நாலாட்டின்புதூர்

கட்டாதே தம்பி. வலி, எரிச்சல், சீழ், உடலுறவுத் தொடர்பு எதுவும் இல்லாமல் எப்போதாவது வெள்ளையாகக் கலங்கினால் பெரும்பாலும் அது பாஸ்பேட் உப்பு. சாப்பிட்ட சாப்பாட்டையும் குடித்த தண்ணீரையும் பொறுத்து வரும், போகும். சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனை ஒன்றே சொல்லிவிடும், அரசு ஆஸ்பத்திரியில் அதற்குக் காசு வாங்க மாட்டார்கள். விந்து கொஞ்சம் வெளியேறினாலும் உடம்பு உருகாது, எலும்பு தேயாது. ‘தாது போகிறது’ என்ற பயமே களைப்பாகவும் தூக்கமின்மையாகவும் இளைஞர்களை வாட்டுகிறது என்பதை மனநல மருத்துவர் என். என். விக் 1960-லேயே எழுதிவிட்டார். அந்தப் பயத்தைத்தான் லாட்ஜில் அறை எடுத்து விற்கிறார்கள். பயம் போகவில்லை என்றால் மனநல டாக்டரிடம் போ, அதில் கேவலம் ஒன்றுமில்லை.

கடம்பூர் போளி நிறையத் தின்றால் நீர்க்கடுப்பு வருமா?
— ரயில் பயணி, மணியாச்சி

வராது. சர்க்கரை நோய் இருந்தால் அதன் கணக்கு வேறு.

மிளகாய் பறித்த நாட்களில் ஒண்ணுக்குப் போகிற இடம் தீயாக எரிகிறது. தொற்றா?
— விளாத்திகுளம்

மிளகாய்தான் தாயி. அதன் காரம் எண்ணெயில் கரையும், வெறும் தண்ணீருக்கு அசையாது. கையில் எண்ணெய் தேய்த்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஒதுங்கப் போங்கள். போய்விட்டு வந்து கழுவுவது நம் வழக்கம், மிளகாய்க் காட்டில் அதற்கு முன்னாலும் கழுவ வேண்டும். பறிக்காத நாளிலும் எரிந்தால் பரிசோதனை செய்யுங்கள்.

வயது 34. ஐந்தாறு வருஷத்துக்கு முன் சைக்கிள் பாரில் கவட்டை அடிபட விழுந்தேன். அப்போது ரெண்டு சொட்டு ரத்தம் வந்தது, தானாக நின்றது. இப்போது ஒண்ணுக்கு நூல் மாதிரி வருகிறது, ரெண்டாகப் பிரிகிறது, முக்கித்தான் போக வேண்டியிருக்கிறது. இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?
— இளையரசனேந்தல்

உண்டு. அன்றைக்கு அடிபட்டது சிறுநீர்க் குழாய்தான். பனை ஏறுகிறவர் சறுக்கி மட்டையில் கவட்டை மோதுவதும், கிணற்றுச் சுவரில் கால் இருபுறமும் விழ அடிபடுவதும் இதே காயம். காயம் ஆறிய இடம் தழும்பாகி, வருஷக் கணக்கில் மெல்ல இறுகிக் குழாயைச் சுருக்கும். சீழ்நோயாலும், முன்பு எப்போதாவது டியூப் போட்டதாலும்கூட இப்படி ஆகும். 34 வயதில் புராஸ்டேட் சுரப்பி வீக்கத்தின் மேல் பழி போட முடியாது.

சிறுநீர்ப்பாதை அறுவை சிகிச்சை (யூராலஜி) டாக்டரைப் பாருங்கள். தூத்துக்குடியிலோ திருநெல்வேலியிலோ அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போகலாம். சிறுநீரின் வேகத்தை அளப்பார்கள். மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்துச் சுருக்கம் எவ்வளவு நீளம் என்று பார்ப்பார்கள். சின்னதாக இருந்தால் உள்ளே கீறி விரிப்பார்கள், ஆனால் அது திரும்பச் சுருங்குவது சகஜம். கீறிக் கீறி வருஷங்களைக் கடத்துவதைவிட ஒரே ஆபரேஷனில் சரிசெய்வது நல்லதா என்று கேளுங்கள். கன்னத்தின் உட்பக்கச் சவ்வை எடுத்து ஒட்டுப்போட்டுக் குழாயை அகலமாக்குவார்கள். புனேயைச் சேர்ந்த சஞ்சய் குல்கர்னி வகுத்த முறை உலகம் முழுக்க அவர் பெயரிலேயே வழங்குகிறது. வாயில் புகையிலை, பாக்கு போடுகிற பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். கெட்டுப்போன கன்னத்திலிருந்து நல்ல ஒட்டு எடுக்க முடியாது.

மற்றவர்களுக்கு: கவட்டையில் அடிபட்டுச் சிறுநீர்த் துவாரத்தில் ரத்தம் தெரிந்தால் வலி இல்லை என்று வீட்டில் இருக்காதீர்கள். அந்த நேரத்தில் அனுபவமில்லாதவர் டியூப் போட முயன்றால் பாதி கிழிந்தது முழுக்கக் கிழியும். எப்படி விழுந்தோம், எங்கே அடிபட்டது என்பதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

பேரனுக்கு மூன்று வயது. ஒண்ணுக்குப் போகும்போது நுனித் தோல் பலூன் மாதிரி உப்புகிறது.
— ஓட்டப்பிடாரம்

அந்த வயதில் தோல் ஒட்டியிருப்பது இயல்பு. எண்ணெய் தடவி இழுத்துப் பின்னால் தள்ளாதீர்கள், புண்ணாகித் தழும்பாகும். அழுதுகொண்டே போனாலோ, பிறந்ததிலிருந்தே சொட்டுச் சொட்டாக வந்தாலோ, காரணம் தெரியாத காய்ச்சல் வந்தாலோ குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள்.

அப்பாவுக்கு 68 வயது, நாற்பது வருஷப் பீடி. ஒருநாள் சிறுநீர் ரத்தமாகப் போனது. வலி இல்லை, மறுநாள் தானாக நின்றது. விட்டுவிடலாமா?
— புதூர்

விடாதீர்கள். இந்தப் பக்கத்தில் நான் எழுதுவதிலேயே அழுத்திச் சொல்வது இதைத்தான்: வலியோடு வரும் ரத்தத்தைவிட வலியில்லாமல் வந்து போகும் ரத்தத்துக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். சிறுநீர்ப்பைப் புற்றுநோய் அப்படித்தான் முதலில் தலைகாட்டும், ஒருநாள் வந்து வாரக்கணக்கில் மறைந்திருக்கும். அதற்குப் புகையிலை முதல் காரணம். பீட்ரூட் தின்றாலும், டி.பி. மாத்திரை போட்டாலும் சிறுநீர் சிவக்கும், அந்த இரண்டும் இல்லையென்றால் இந்த வாரமே ஸ்கேனும் உள்நோக்குக் குழாய்ப் பரிசோதனையும். ஆரம்பத்தில் பிடித்தால் குழாய் வழியாகவே சுரண்டி எடுத்துவிடலாம்.

சளிக்கு மருந்து குடித்த ராத்திரி மாமாவுக்கு ஒண்ணுக்கே வரவில்லை. வயிறு கல்லாகிவிட்டது. விடியட்டும் என்று ஒத்தடம் கொடுத்தோம். காலையில் டியூப் போட்டுத்தான் எடுத்தார்கள். சளி மருந்து இப்படியா செய்யும்?
— கடம்பூர்

செய்யும். புராஸ்டேட் வீங்கியிருக்கும் வயதில், மூக்கடைப்பு நீக்கும் மருந்தும் தூக்கம் வரவழைக்கும் சளி மருந்தும் சிறுநீர்ப்பையின் வாயை இறுக்கி, பையைச் சோம்பலாக்கிவிடும். இனி எந்த மருந்து வாங்கினாலும் ‘அவருக்கு நீரடைப்பு வந்திருக்கு’ என்று சொல்லியே வாங்குங்கள். இன்னொரு முறை வந்தால் ஒத்தடம் வேண்டாம், மேலும் மேலும் தண்ணீர் கொடுக்கவும் வேண்டாம், உடனே 108. டியூபை எடுத்தபின் புராஸ்டேட்டுக்கு மருந்தா ஆபரேஷனா என்று முடிவு செய்யாமல் வீட்டுக்கு வந்துவிடாதீர்கள்.

எல்லாம் சரி. டாக்டர் எதிரே உட்கார்ந்ததும் நாக்கு எழவில்லை. ‘வயித்து வலி’ என்று சொல்லி ஊசி போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். எப்படித்தான் சொல்வது?
— திருமணமாகாத பெண், கடம்பூர்

‘ஒண்ணுக்குப் போகும்போது எரியுது, மூணு நாளாச்சு.’ இவ்வளவுதான் மகளே, மற்றதை டாக்டர் கேட்பார். காய்ச்சல் உண்டா, ரத்தம் வந்ததா, வேறு கசிவு உண்டா, கடைசி மாதவிலக்கு எப்போது என்றெல்லாம் கேட்பார். உறவு பற்றியும் கேட்கலாம், சந்தேகப்பட்டு அல்ல, மருந்தைத் தீர்மானிக்க. அம்மா பக்கத்தில் இருந்தால் சொல்ல முடியாது என்றால் ‘தனியாப் பேசணும்’ என்று கேட்கலாம். பெண் டாக்டர் வேண்டும் என்றும் கேட்கலாம். அதுவும் முடியவில்லையா? இந்தக் கேள்வியை எனக்கு எழுதிய மாதிரியே ஒரு துண்டுத் தாளில் எழுதி, ஓ.பி. சீட்டோடு சேர்த்து நீட்டிவிடு.